வேகமானவரும் தோற்கலாம்: சைக்கிள் ஸ்பிரின்ட் பந்தயத்தின் விநோதக் கணக்கு

2024 ஆகஸ்ட் 7. பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராக் சைக்கிளிங் போட்டிகள் நகருக்கு வெளியே, சான் கான்தான் ஆன் இவ்லீன் என்ற ஊரின் உள்ளரங்கில் நடந்துகொண்டிருந்தன. ஆண்கள் ஸ்பிரின்ட் தகுதிச்சுற்றில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ ரிச்சர்ட்சன் 200 மீட்டரை 9.091 விநாடியில் கடந்தார். அது உலக சாதனை. ஆனால், அந்தச் சாதனைக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அடுத்து வந்த நெதர்லாந்து வீரர் ஹாரி லாவ்ரெய்சன் அதே தூரத்தை 9.088 விநாடியில் முடித்துவிட்டார்.

இருவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த வேகத்தில் அதைத் தூரமாக மாற்றினால் 7 சென்டிமீட்டர்கூட வராது.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, இறுதிப்போட்டியிலும் இதே இருவர்தான் மோதினார்கள். மணிக்கு 79 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய இரண்டு பேர். ஆனால், இந்தப் பந்தயத்தை முதன்முறையாக டிவியில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். துப்பாக்கியிலிருந்து கிளம்பிய குண்டு மாதிரி பாய்வார்கள் என்று காத்திருந்தால், இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மெல்ல உருட்டுவார்கள். முன்னால் போகிறவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பார். “என்னய்யா இது, வாக்கிங் போற மாதிரி போறாங்க? இதுக்குப் பேரு ஸ்பிரின்ட்டா?” என்று கேட்கத் தோன்றும்.

அந்த மந்தமான உருட்டலில்தான் பாதிப் பந்தயம் நடக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

களமும் சைக்கிளும்

டிராக் சைக்கிளிங் நடக்கும் அரங்கத்தின் பெயர் வெலோட்ரோம். இன்றைய ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் 250 மீட்டர் சுற்றளவு கொண்ட மரப்பலகைத் தடத்தில் நடக்கின்றன. நேர்ப் பகுதிகளில் தடம் ஓரளவு சாய்ந்திருக்கும். வளைவுகளில் 40 பாகைக்கு மேல் செங்குத்தாக எழும்பி நிற்கும். ஓட்டின் வீட்டுக் கூரையைவிடச் சரிவு அதிகம். வளைவின் உச்சியில் ஒரு வீரர் இருந்தால், கீழே நிற்பவருக்கு இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே தெரிவார். அங்கே ரொம்ப மெதுவாகப் போனால் டயர் வழுக்கி, ஆளோடு சரிந்து கீழே வரவேண்டியதுதான்.

சைக்கிளும் வித்தியாசமானது. பிரேக் கிடையாது. ஒரே ஒரு கியர். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். இதில் அந்த வசதி இல்லை. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், காலும் சுற்றியே ஆக வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சுற்றும் பெடலுக்கு எதிராகக் காலை அழுத்த வேண்டும். இதே அமைப்பு ஒரு வித்தைக்கும் உதவுகிறது. முன்னும் பின்னும் சற்றே அழுத்தி, காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளை அப்படியே நிறுத்திவைக்க முடியும்.

தடத்தில் வரைந்திருக்கும் கோடுகளில் இரண்டு முக்கியம். அடியில் இருக்கும் கறுப்புக் கோடுதான் 250 மீட்டரை அளக்கும் கோடு. அதற்குச் சற்று மேலே சிவப்புக் கோடு. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஸ்பிரின்ட் வீரரின் பாதை. கடைசி 200 மீட்டரில் முன்னால் இருப்பவர் இந்தப் பாதைக்குள் நுழைந்துவிட்டால், பின்னால் வருபவர் உள்பக்கமாகப் புகுந்து முந்தக் கூடாது. வெளிப்பக்கமாகச் சுற்றித்தான் வர வேண்டும். முன்னால் இருப்பவரும் எதிராளியை மறிக்கும் விதமாகச் சிவப்புக் கோட்டைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முழு வளைவு என்பது ஏறக்குறைய அரைவட்டம். எதிராளியைவிட ஒரு மீட்டர் வெளியே தள்ளி அந்த வளைவைச் சுற்றினால், அவரைவிடச் சுமார் 3 மீட்டர் கூடுதலாக ஓட்ட வேண்டும். ஆயிரத்தில் மூன்று விநாடியில் சாதனை கைமாறும் விளையாட்டில் 3 மீட்டர் என்பது மலை.

போட்டி எப்படி நடக்கிறது?

முதலில் தகுதிச்சுற்று. இதில் வீரர் தனியாக ஓட்டுவார். சில சுற்றுகள் வேகத்தைக் கூட்டி, தடத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சரிவில் பாய்ந்து இறங்குவார். அந்த வேகத்தோடு கடக்கும் கடைசி 200 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுப்பார்கள். ரிச்சர்ட்சனும் லாவ்ரெய்சனும் உலக சாதனை படைத்தது இந்தச் சுற்றில்தான்.

ஆனால், இந்த நேரத்துக்குப் பதக்கம் இல்லை. யார் யாரோடு மோதுவது என்பதை முடிவுசெய்யத்தான் இது உதவும். வேகமாக வந்தவருக்கு முதல் மோதலில் மெதுவாக வந்தவர் எதிராளியாகக் கிடைப்பார். அதன் பிறகு கடிகாரத்துக்கு வேலை குறைவு. இருவரில் யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பது மட்டும்தான் கேள்வி. தொடக்கச் சுற்றுகளில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. காலிறுதியிலிருந்து மூன்றில் இரண்டு ஓட்டங்களை வெல்பவர் முன்னேறுவார்.

ஒரு ஓட்டம் என்பது 250 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று, அதாவது 750 மீட்டர். யார் உள்பக்கம் நிற்பது என்று குலுக்கல் போடுவார்கள். உள்பக்கம் கிடைத்தவர்தான் முதல் அரைச் சுற்றுக்கு முன்னால் போக வேண்டும், எதிராளி தானாக முந்த வந்தாலொழிய. அந்த அரைச் சுற்றில் குறைந்தது நடைவேகமாவது இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஏன் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது?

முன்னால் போக ஏன் பயம்?

எல்லாம் காற்று செய்யும் வேலை. சைக்கிளின் வேகம் இரண்டு மடங்கானால், காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதைச் சமாளிக்கக் கால்கள் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் 80 கிலோமீட்டருக்கு மாறினால் இதுதான் கதை.

முன்னால் போகிறவர் இந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் காற்று பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. அதே வேகம், ஆனால் குறைந்த உழைப்பு. மிச்சம் பிடித்த சக்தியைக் கடைசி நூறு மீட்டரில் கொட்டி முந்திவிடலாம்.

அப்படியானால் தொடக்கத்திலிருந்தே ஒரே பாய்ச்சலாகப் போய் எதிராளியை விட்டுவிலகினால் என்ன? உடம்பு அதற்கு இடம்கொடுக்காது. தசைகளால் உச்சபட்சத் திறனைப் பத்து விநாடி அளவுக்குத்தான் தர முடியும். அதற்குப் பிறகு கால் கனக்க ஆரம்பிக்கும். 750 மீட்டர் முழுக்க அப்படி மிதிக்க மனித உடம்பால் ஆகாது. தொடக்கத்திலேயே பாய்கிறவர் எதிராளிக்குக் காற்றுத் தடுப்பாக உழைத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவர் முந்திப் போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அதனால்தான் இந்த இழுபறி. “நீ முதல்ல போ.” “இல்ல இல்ல, நீயே போ.” வாய்திறந்து யாரும் சொல்வதில்லை. சைக்கிள்தான் பேசுகிறது.

ஆனால், பின்னால் இருப்பது மட்டுமே லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. முன்னால் இருப்பவர் கையில்தான் வேகத்தின் கடிவாளம் இருக்கிறது. அவர் எதிராளியைத் தடத்தின் மேலே தள்ளிக்கொண்டு போகலாம், வேகத்தைக் குறைத்துத் தடுமாற வைக்கலாம். திடீரென்று கீழே இறங்கி ஸ்பிரின்ட் பாதையைப் பிடித்துவிட்டால், எதிராளி இரண்டு வளைவுகளையும் வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டியதாகிவிடும். பின்னால் இருப்பவருக்கு வேறு ஆயுதம். சரிவின் உச்சிக்கு ஏறி நின்றால் அந்த உயரமே சேமித்துவைத்த வேகம். எதிராளி ஒரு கணம் முகத்தைத் திருப்பும்போது உச்சியிலிருந்து பாய்ந்து இறங்கினால், அவர் சுதாரிப்பதற்குள் இரண்டு சைக்கிள் நீளம் கிடைத்துவிடும். முன்னால் போகிறவர் கழுத்தைத் திருப்பியபடியே ஓட்டுவதன் காரணம் இதுதான்.

பதக்கமே கொடுக்காத பந்தயம்

இந்தக் காத்திருப்பு ஆட்டம் எல்லை மீறிப்போன சம்பவங்களும் உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட் இறுதிப்போட்டியில் நான்கு பேர் இருந்தார்கள். 1 நிமிடம் 45 விநாடிக்குள் முடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. வீரர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஊர்ந்ததில் நேரம் போய்விட்டது. பிரான்ஸ் வீரர் மோரீஸ் ஷீல் மயிரிழையில் முதலில் கோட்டைத் தொட்டார். ஆனால், நேர வரம்பு தாண்டிவிட்டதால் பந்தயமே செல்லாது என்று அறிவித்தார்கள். யாருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இத்தாலியின் ஜொவானி பெட்டெனெல்லாவும் பிரான்ஸின் பியர் ட்ரான்டனும் மோதினார்கள். யாரும் முன்னால் போகத் தயாராக இல்லை. இருவரும் சைக்கிளைத் தடத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். 21 நிமிடம் 57 விநாடி! அந்தப் பொறுமைப் போட்டியைத் தாண்டிப் போன பெட்டெனெல்லாதான் அந்த ஆண்டு தங்கம் வென்றார்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. 1968-ல் இத்தாலியின் வரேசே நகரில் தேசியப் போட்டி. டோக்கியோவில் வெள்ளி வென்ற செர்ஜியோ பியான்கெட்டோவும் ஜோர்தானோ துர்ரினியும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நகராமல் நின்றார்கள். கடைசியில் பியான்கெட்டோ மயங்கிச் சரிந்தார். ஒரு ‘வேகப்’ பந்தயம் அசையாமல் நின்றதால் முடிவுக்கு வந்தது.

இன்று இப்படி நிற்க முடியாது. நிற்பதற்கு 30 விநாடிதான் வரம்பு. அதற்கு மேல் போனால், முன்னால் இருப்பவரைக் கிளம்பச் சொல்லி நடுவர் உத்தரவிடுவார்.

பல்சக்கரம் மாற்றிய ஆட்டம்

இப்போது அந்த 30 விநாடியைக்கூட முழுசாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. விதிகளைவிட இதற்குப் பெரிய காரணம் கியர்.

பழைய வீரர்கள் சிறிய பல்சக்கரம் வைத்து ஓட்டினார்கள். உதாரணத்துக்கு, முன்னால் 50 பல், பின்னால் 14 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு முறை சுற்றும்போது சைக்கிள் சுமார் 7.5 மீட்டர் போகும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாய இது வசதி. ஆனால், இன்றைய சாதனை வேகத்தை எட்ட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 175 முறைக்கு மேல் பெடலைச் சுற்ற வேண்டும். கால் அவ்வளவு வேகமாகச் சுற்றினால் அதில் அழுத்தம் இருக்காது.

இன்றைய வீரர்கள் முன்னால் 60 பல்லைத் தாண்டியும் வைக்கிறார்கள். 64-க்கு 15 என்று எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 9 மீட்டருக்கு அருகில் வரும். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 147 சுற்று போதும். ஆனால், விலை இல்லாமல் எதுவும் இல்லை. பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளிக் கிளப்புவது மாதிரி, இந்தக் கியரை நின்ற இடத்திலிருந்து உசுப்புவது கடினம். ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால்தான் அதன் அருமை தெரியும். எனவே இப்போதைய வீரர்கள் ஓட்டத்தை முன்கூட்டியே ஆரம்பிக்கிறார்கள். நின்று ஏமாற்றுவது குறைந்து, நீண்ட தூரம் வேகத்தைக் கட்டியெழுப்புவது கூடியிருக்கிறது. ஜிம்மில் பல ஆண்டுகள் பாரம் தூக்கி வளர்த்த தொடைகள் இதற்கு அவசியம்.

ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் சிறந்த நேரங்களே இதைச் சொல்லிவிடும். 2012 லண்டனில் பிரிட்டனின் ஜேசன் கென்னி 9.713 விநாடி. 2016 ரியோவில் அவரே 9.551. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் லாவ்ரெய்சன் 9.215. பாரிஸில் 9.088. பன்னிரண்டு ஆண்டுகளில் அரை விநாடிக்கும் மேல் கழன்றுவிட்டது. கியர், காற்றை ஏமாற்றும் உடை, ஹெல்மெட், ஓட்டும் நிலை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

சாதனை அவருக்கு, தங்கம் இவருக்கு

மறுபடி பாரிஸுக்கு வருவோம். இறுதிப்போட்டியில் லாவ்ரெய்சன் 2-0 என்று வென்றார். ஆயிரத்தில் மூன்று விநாடிதான் பின்தங்கியிருந்த ரிச்சர்ட்சனால் ஒரு ஓட்டத்தைக்கூட எடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் 11 அன்று நடந்த கெய்ரின் பந்தயத்திலும் இதே வரிசைதான்: லாவ்ரெய்சன் தங்கம், ரிச்சர்ட்சன் வெள்ளி. குழு ஸ்பிரின்ட்டையும் நெதர்லாந்து வென்றிருந்தது. ஒரே ஒலிம்பிக்கில் மூன்று ஸ்பிரின்ட் தங்கங்களையும் வென்றவர்கள் அதுவரை பிரிட்டனின் கிறிஸ் ஹோய், ஜேசன் கென்னி இருவர்தான். லாவ்ரெய்சன் மூன்றாமவர் ஆனார்.

அவர் டிராக்கில் வளர்ந்தவர் அல்ல. மேடு பள்ளங்களில் எகிறிக் குதிக்கும் பிஎம்எக்ஸ் பந்தய வீரர். தோள்மூட்டு அடிக்கடி நழுவியதால் அதைவிட்டு டிராக்குக்கு வந்தார். 2019-லிருந்து தொடர்ந்து உலக ஸ்பிரின்ட் பட்டத்தை வென்று, 2024 டென்மார்க் உலக சாம்பியன்ஷிப்பில் தொடர்ச்சியாக ஆறாவது முறை அதைக் கைப்பற்றினார். நேரத்தில் அவரை நெருங்கியவர்கள் உண்டு. நேருக்கு நேர் மோதலில் அவரை வீழ்த்தியவர்கள் அரிது.

ரிச்சர்ட்சனின் கதை வேறு திசையில் போனது. இங்கிலாந்தில் பிறந்து, ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர். ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து சைக்கிளிங்குக்கு மாறியவர். பாரிஸில் ஆஸ்திரேலியாவுக்காக இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்ற சில நாள்களிலேயே, இனி பிரிட்டனுக்காக ஓட்டப் போவதாக அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் கொந்தளிப்பு. அங்குள்ள சைக்கிளிங் அமைப்பு, இனி எந்நாளும் ஆஸ்திரேலிய அணியில் அவருக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியது.

2025 ஆகஸ்ட்டில் துருக்கியின் கொன்யா நகரில் ரிச்சர்ட்சன் 200 மீட்டரை 8.941 விநாடியில் கடந்தார். வரலாற்றில் முதன்முறையாக 9 விநாடி என்ற சுவர் உடைந்தது. மறுநாளே அதையும் 8.857 ஆகக் குறைத்தார். மணிக்கு 81 கிலோமீட்டருக்கும் மேல். கொன்யா கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகும், எதிர்ப்பு குறையும். 2019-ல் டிரினிடாட் வீரர் நிக்கோலஸ் பால் 9.100 விநாடி எடுத்து உலக சாதனை செய்ததும் உயரமான ஓர் ஊரில்தான், பொலிவியாவின் கோச்சபம்பாவில்.

ஆக, பாரிஸில் சில நிமிடங்களில் கைநழுவிப் போனதை ரிச்சர்ட்சன் மீட்டுவிட்டார். ஆனால், கொன்யாவில் அவர் தனியாகத்தான் ஓட்டினார். பக்கத்தில் யாரும் இல்லை, திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஒலிம்பிக் தங்கம் வேண்டுமென்றால் லாவ்ரெய்சன் மாதிரி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதே வேகத்தைச் சரியான இடத்தில், சரியான கணத்தில் எடுக்க வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரை அவர் முன்னால் இருக்கும் கேள்வி அதுதான்.

ஆசியாவும் இந்தியாவும்

இது ஐரோப்பியர்களின் ஆட்டம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானின் கோய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொழில்முறை உலக ஸ்பிரின்ட் பட்டத்தைத் தொடர்ந்து பத்து முறை வென்றவர்.

இந்தியாவும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய இந்திரா காந்தி வெலோட்ரோமில் 2022 ஜூனில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது. மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங் ஸ்பிரின்ட் இறுதிப்போட்டி வரை வந்து, ஜப்பானின் கென்டோ யமசாகியிடம் தோற்று வெள்ளி வென்றார். சீனியர் பிரிவு ஆசிய ஸ்பிரின்ட்டில் இந்தியர் ஒருவர் வெள்ளி பெற்றது அதுவே முதல் முறை. அதற்கு முன்பு 2019 ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் குழு ஸ்பிரின்ட் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

அடுத்த முறை பார்க்கும்போது

ஸ்பிரின்ட் பந்தயம் திரையில் வந்தால், முதல் சுற்றில் யார் முன்னால் என்று பார்ப்பதைவிட, யார் எந்த உயரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். பின்னால் இருப்பவர் சரிவின் மேலே ஏற ஆரம்பித்தால் பாய்ச்சலுக்குத் தயாராகிறார் என்று அர்த்தம். கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது சிவப்புக் கோட்டுக்குக் கீழே யார் இருக்கிறார் என்று கவனியுங்கள். அவர் அங்கே முழு வேகத்தோடு நுழைந்திருந்தால், எதிராளி இரண்டு வளைவுகளையும் வெளியே சுற்ற வேண்டும். வேகம் குறைவாக இருக்கும்போது நுழைந்திருந்தால், பின்னால் ஒட்டியிருப்பவருக்குக் கடைசி நேர்ப் பகுதியில் வாய்ப்பு இருக்கிறது.

முடிந்த பிறகு திரையில் வரும் நேரத்தையும் பாருங்கள். இறுதிப்போட்டியில் வென்றவரின் 200 மீட்டர் நேரம், தகுதிச்சுற்றில் அவரே எடுத்த நேரத்தைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அங்கே அவர் கடிகாரத்தோடு ஓடினார். இங்கே அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.